பச்சை டோக்கன்

குரூப் ஃபோர் எழுதித் தேறி, கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கைப் பிரிவு நாற்காலியில் புதிதாக உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு அரசு கலைக் கல்லூரியில் இருபத்தாறு வருடம் கோப்பு தள்ளியவன். ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வில் வந்துவிட்டேன். விருப்பம் என்னுடையதல்ல, என் ரத்த அழுத்தத்தினுடையது.

எனக்குப் பதற்றம் அதிகம். ஒருமுறை தணிக்கைக்காரர்கள் முன்னறிவிப்பில்லாமல் வந்தபோது, வாசலில் நின்ற ஒருவரைப் பிடித்து, “ஆடிட் வந்திருக்காம், பேசாம பின்வாசல் வழியாப் போயிருங்க” என்று ரகசியமாகச் சொன்னேன். அவர்தான் தணிக்கை அதிகாரி. அன்று முழுவதும் அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பின்வாசலைக் கைகாட்டிக்கொண்டிருந்தார். இந்த மாதிரிக் கதைகள் என்னிடம் மூட்டை மூட்டையாக உண்டு. டீ குடிக்கையில் கேளுங்கள், சொல்கிறேன். இங்கே எழுதப்போவது சிரிப்பதற்கான கதை இல்லை. நடுநடுவே சிரிப்பு வந்தால் அது என் பழக்கதோஷம்.

ஓய்வுக்கு நான்கைந்து வருடம் இருக்கும். பி.காம். சேர்க்கைக் கலந்தாய்வு. எங்கள் பக்கத்தில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று எந்தக் கம்பெனியானாலும் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்பதால் பி.காமுக்கு அப்படி ஒரு கூட்டம் வரும். இடம் ஐம்பதுதான். அதில் பதினைந்து பொது, ஒன்பது எஸ்.சி., மீதி பி.சி., எம்.பி.சி. முதலான மற்றவர்களுக்கு. விதி எளிது. தரவரிசைப் பட்டியலை மேலிருந்து கீழே வாசிக்க வேண்டும். முதல் பதினைந்து இடம் யார் எந்தச் சாதி என்று பார்க்காமல் மதிப்பெண்ணுக்குப் போகும். அது முடிந்த பிறகுதான் ஒதுக்கீட்டு இடங்களை எண்ணத் தொடங்க வேண்டும். இதை நான் பத்து வருடமாகப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அந்த வருடம் கூட்டத்தைச் சமாளிக்க எனக்கு ஒரு யோசனை உதித்தது. யோசனை உதித்தால் உடனே மனைவியிடம் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். அன்றைக்குச் சொல்லாமல் விட்டேன். சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் நண்பனிடம் போய், காலண்டர் அட்டையில் வெட்டிக் கழித்த வண்ணத்துண்டுகளை ஒரு பை நிறைய வாங்கிவந்தேன். பி.சி.க்கு ரோஸ், எம்.பி.சி.க்கு மஞ்சள், எந்த ஒதுக்கீடும் இல்லாதவர்களுக்கு வெள்ளை, எஸ்.சி.க்குப் பச்சை. ஒவ்வொன்றிலும் தரவரிசைப்படி எண் எழுதி டோக்கன் ஆக்கினேன். வாசலிலேயே சாதிச் சான்றிதழைப் பார்த்து டோக்கனைக் கொடுத்துவிட்டால் உள்ளே நெரிசல் இருக்காது. ரோஸ், மஞ்சள், வெள்ளை மூன்றுக்கும் உள்ளே மின்விசிறிக்குக் கீழே முதல் மேசை. பச்சைக்கு வராந்தாவில் இரண்டாவது மேசை. அவர்களுக்குத்தான் தனியாக ஒன்பது இடம் இருக்கிறதே, தனி மேசை போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்பது என் கணக்கு.

வேலை சீக்கிரம்தான் முடிந்தது. பிரின்சிபால் வராந்தா வழியாக வந்தவர், “நல்ல ஏற்பாடு” என்று சொல்லிவிட்டுப் போனார். அரசுக் கல்லூரி வாசலில் பிள்ளைகளைச் சாதி வாரியாகப் பிரித்து வரிசையில் நிறுத்தியிருக்கிறாயே என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை. கையில் டோக்கன் கட்டை வைத்துக்கொண்டு, திருவிழாவில் ராட்டினம் சுற்றுகிறவன் மாதிரி இரண்டு மேசைக்கும் நடுவே கூவிக்கொண்டிருந்தேன்.

முதல் மேசையருகே ஒருவர் மகனோடு நின்றிருந்தார். சாத்தூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியுமாக நல்ல நிலபுலன் உள்ளவர். மகனுக்குப் பொதுவில் கடைசி இடம், பதினைந்தாவது, கிடைத்திருந்தது. சந்தோஷத்தில் என் தோளில் கைபோட்டார்.

“தம்பி, நம்ம பயலுவ முட்டி மோதி மேல வர வேண்டியிருக்கு. அங்கன பாருங்க, வராந்தாவுல. அவுகளுக்கு அம்புட்டும் கோட்டாவுலயே போயிருது.”

“ஆமாண்ணே, என்ன செய்ய” என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பி.சி. சான்றிதழைக் காட்டித்தான் கல்லூரியில் சேர்ந்தேன். அதே சான்றிதழைக் காட்டித்தான் இந்த வேலைக்கும் வந்தேன். என் தோளில் கைபோட்டவர் மகனின் கையிலும் ரோஸ் டோக்கன்தான் இருந்தது. ஆனால் ‘கோட்டா’ என்ற சொல் எங்கள் இருவர் வாயிலும் வராந்தாப் பக்கம் மட்டும்தான் திரும்பியது. உங்களில் பலருக்கும் அந்தச் சொல் அப்படித்தான் திரும்பும். பழகிப்போன கழுத்துவலி மாதிரி, இருப்பதே தெரியாது.

பதினோரு மணி வாக்கில் இரண்டாவது மேசையில் ஒன்பது இடமும் நிரம்பிவிட்டன. நான் போய் மேசையைக் கட்டச் சொன்னேன். எதிரே ஒரு அம்மாவும் மகளும். அம்மா தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. மகள் பெயர் மாரீஸ்வரி. கையில் பத்தாம் எண் பச்சை டோக்கன்.

“ஒம்பதோட முடிஞ்சுபோச்சும்மா” என்றேன்.

“அய்யா, அங்கன உள்ள மேசையில இன்னும் ஆளக் கூப்பிடுறாகளே?”

“அது பொது மேசை. உங்களுக்கு இங்கதான்.”

இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ குறிப்பு எழுதியிருக்கிறேன். என் அறிவின் அளவை இவ்வளவு சுருக்கமாக வேறெதிலும் எழுதியதில்லை.

அந்த அம்மா நகரவில்லை. “ஃபோர்மேன்ட்டச் சொல்லிட்டு வந்தேங்கய்யா. எம் மக காலேஜுக்குப் போறான்னு. கம்பெனி லைன்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்.”

“அதுக்கு நான் என்னம்மா செய்ய? அடுத்த வருசம் பாருங்க.”

மகள்தான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “வாம்மா, போவம். ஆளு பாக்குறாக.” டோக்கனை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஞாபகமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாளே என்று அப்போது அவளை மனசுக்குள் பாராட்டினேன். அவ்வளவு நல்லவன் நான்.

மூன்றரை மணிக்கு வேறொரு பெண் என் ஜன்னலுக்கு வந்தாள். முத்துச்செல்வி, அச்சங்குளம். பச்சை டோக்கனில் முதலாவதாகச் சேர்ந்தவள். கட்டணம் கட்டிய ரசீது கையில் இருந்தது. அதில் அவள் பெயருக்கு நேரே ‘எஸ்.சி. 1’ என்று இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“சார், மொத்த ரேங்க்ல நான் நாலாவது. பொதுல பதினஞ்சு பேரு எடுத்திருக்கீக. நாலு பதினஞ்சுக்குள்ள வராதா சார்?”

எனக்கு விளையாட்டாக இருந்தது. “ஏம்மா, சீட்டு கெடைச்சிருச்சுல்ல? எந்த வாசல் வழியா வந்தா என்ன, உள்ள வந்துட்டேல்ல?”

“நான் உள்ள வந்துட்டேன் சார். எனக்குப் பின்னால நின்ன மாரீஸ்வரி வெளிய போயிட்டா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பச்சை டோக்கன் வாங்கிய யாரும் முதல் மேசைப் பக்கமே போகவில்லை. பொது இடங்கள் நிரம்பியது முதல் மேசையில். நான்தான் அவர்களை வராந்தாவிலேயே நிறுத்தியிருந்தேன். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நான்காவது ரேங்க், ஒன்பதாவது ரேங்க், பதின்மூன்றாவது ரேங்க், மூன்று பேரும் எஸ்.சி. மூவரும் பொதுவில் போயிருக்க வேண்டியவர்கள். அப்படிப் போயிருந்தால் ஒன்பதில் மூன்று இடம் மிஞ்சியிருக்கும். பத்தாம் டோக்கன் மாரீஸ்வரிக்கு அதில் முதல் இடம்.

“அது வந்தும்மா... சிஸ்டம் அப்படித்தான் எடுக்கும்” என்றேன்.

“டோக்கன் குடுத்தது நீங்கதான சார்?” என்றாள். குரலை உயர்த்தவில்லை. ரசீதை நான்காக மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் பதற்றத்தைக் கேளுங்கள். ஜெராக்ஸ் அறைக்கு ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று தெரியவில்லை. ஆனால் போனதற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று கையில் கிடைத்த தாளை இருபது நகல் எடுத்தேன். எடுத்த பிறகு பார்த்தால் அது வெள்ளைத் தாள். இருபது வெள்ளைத் தாளையும் அடுக்கி ஸ்டேப்ளர் பின் அடித்து, அதில் ஒரு பின் என் சட்டைக் கையோடு சேர்ந்து இறங்கியதால், அந்தக் கட்டு தொங்கத் தொங்கவே சூப்பிரண்டு முன்னால் போய் நின்றேன். பிரின்சிபால் ஐந்து மணிக்குத்தான் பட்டியலில் கையெழுத்துப் போடுவார். அதற்குள் திருத்திவிடலாம். ஒன்றரை மணி நேரம் இருந்தது. இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தது.

சூப்பிரண்டு கெட்டிக்காரர். விதிப்புத்தகம் மனப்பாடம். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இப்ப என்ன செய்யணுங்குறீக? மூணு பேரப் பொதுவுக்கு ஏத்தணும். அப்ப பொதுல கடைசி மூணு பேர எறக்கணும். ரசீது கையில வச்சிருக்காக. எறக்குனா என்ன ஆகும்?”

“சண்டைக்கு வருவாக சார்.”

“வண்டி கட்டி வருவாக. கட்சிக்காரன் போன் பண்ணுவான். சரி, வெளிய போன மூணு பேரு, அவுக வருவாகளா?”

“வரமாட்டாக சார்.”

“பெறகு?”

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் ‘பெறகு’ என்ற சொல்லுக்கு என்னிடம் பதில் இருந்தது. விதியிலேயே இருந்தது. அவரும் நானும் சேர்ந்தே புதியவர்களுக்குப் படித்துக்காட்டும் விதி. ஆனால் என் கண் முன்னால் தெரிந்தது மக்காச்சோளக்காரரின் கை, என் தோளில். மாரீஸ்வரியின் கை எங்கேயும் தெரியவில்லை. அவள்தான் டோக்கனை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாளே.

“சரி சார்” என்றேன். ஐந்து மணிக்குப் பட்டியலில் கையெழுத்தானது.

மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் இரண்டு பேரில் யாருக்கு நியாயம் சொல்வது என்று நீங்கள் திணறும் நாள் வரும். அன்று நீங்கள் நியாயத்தை எடைபோட மாட்டீர்கள், உங்களை அறியாமல் சத்தத்தைத்தான் எடைபோடுவீர்கள். நானும் சூப்பிரண்டும் கெட்டவர்கள் இல்லை என்று எங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாங்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு மோசமாக நடந்திருக்காது. யாராவது எங்களைச் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

வகுப்புகள் தொடங்கி ஆறாவது வாரம் முத்துச்செல்விக்கு வேளாண்மைக் கல்லூரிக் கலந்தாய்வில் இடம் கிடைத்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். நான் முகத்தைக் கோப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

“சார், இப்ப எஸ்.சி.ல ஒரு எடம் காலி. அடுத்தது மாரீஸ்வரிதான?”

“பாப்பம்மா.”

“பாக்க என்ன சார் இருக்கு? பத்தாவது டோக்கன்.”

அவள் போன மறுநாள் அழைப்புக் கடிதம் அடித்தேன். தபாலில் போட்டால் போதும். ஆனால் மனசாட்சி உறுத்தினால் நான் வண்டியை எடுத்துவிடுவேன். அது மனசாட்சியைவிடப் பெட்ரோல் பங்குக்குத்தான் நல்லது. சாயங்காலம் தாயில்பட்டிக்குப் போனேன். கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள் மாரீஸ்வரி, அம்மாவோடு. தீபாவளி சீசன். புருவத்திலும் காது மடலிலும் அலுமினியப் பொடி வெள்ளியாக ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அம்மா கும்பிட்டார். மகள் கும்பிடவில்லை.

கடிதத்தை நீட்டினேன். வாங்கும் முன் கையைப் பாவாடையில் இரண்டு பக்கமும் துடைத்தாள். அப்படியும் தாளில் வெள்ளி விரல் பதிந்தது.

“சாப்பிட்டீகளா அய்யா, வீட்டுக்கு வாங்க” என்றார் அம்மா. “சாமி மாதிரி வந்திருக்கீக. நாளைக்கே அனுப்பிவிடுறேன்.”

“ஒரு எடம் காலியாச்சு. உடனே மாரீஸ்வரி ஞாபகம்தான் வந்துச்சு” என்று நான் சாமிக்குரிய குரலில் சொன்னேன்.

மாரீஸ்வரி கடிதத்தைப் படித்து முடித்தாள். “முத்துச்செல்வி போன் பண்ணிச் சொன்னா சார். எனக்கு அன்னைக்கே எடம் இருந்துச்சாமே.”

“அதுல சில நடைமுறை இருக்கும்மா...”

“தெரு பூரா எனக்கு மார்க்கு பத்தலைன்னு சொல்லிட்டாக. கோட்டாலயே கெடைக்காத மக்குன்னு எங்க சித்தப்பாவே சொல்லிட்டாரு. கடுதாசியில ‘காலியிடம் ஏற்பட்டதால்’னு போட்டிருக்கீக. அது மட்டும்தான் போட முடியுமா சார்?”

“ஏய், பேசாம இரு. அய்யா அம்புட்டுத் தூரம் வந்திருக்காக” என்று அம்மா அதட்டினார். நான் அந்த அம்மாவை நன்றியோடு பார்த்தேன். பாதிக்கப்பட்டவர்களே நம்மைக் காப்பாற்றுவது போலச் சுகம் வேறில்லை.

மறுநாள் சேர்ந்தாள். ஆறு வாரம் கழித்து வந்தவள் என்பதால் வகுப்பில் அவளுக்கு ‘வெயிட்டிங் லிஸ்ட்’ என்று பெயர் வைத்தார்கள். ஆசிரியர் ஒருவரே அப்படிக் கூப்பிடுவதாகக் கேள்விப்பட்டேன். பதினைந்தாவது பொது இடத்தில் இருந்த மக்காச்சோளக்காரர் மகனுக்குப் பட்டப்பெயர் எதுவும் இல்லை.

நவம்பரில் முதல் பருவத் தேர்வு. வருகை குறைந்தவர்கள் பட்டியலைத் தட்டச்சு செய்தது நானே. அதில் மாரீஸ்வரி பெயர் வந்தது. சேர்ந்த நாளிலிருந்து ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவள். ஆனால் வருகைக் கணக்கு, வகுப்புகள் தொடங்கிய முதல் நாளிலிருந்து. எங்கள் விதிப்படி, மற்றவர் விட்டுப்போன இடத்தில் தாமதமாகச் சேர்ந்தால் வருகைக் குறைவு மாணவர் பொறுப்பு, அந்தப் பருவம் தேர்வெழுத முடியாது. தாமதம் கல்லூரியின் தவறால் என்றால் அந்த நாட்களைக் கழித்துவிடலாம். அதற்குக் கல்லூரி எழுத்தில் தர வேண்டும்.

என் ஜன்னலுக்கு வந்தாள். “எழுதித் தாங்க சார். தப்பு யாருதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே.”

தெரியும். எழுதினால் என்ன வரும் என்பதும் தெரியும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும். விளக்கம் கேட்பார்கள். அந்த வருடம் முழுப் பட்டியலையும் தோண்டுவார்கள். வெளியே போன மற்ற இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று கேட்பார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்கே தெரியாது. பதினொன்று, பன்னிரண்டு என்ற டோக்கன் எண் மட்டும்தான் தெரியும்.

சூப்பிரண்டிடம் போனேன். “எழுதுங்க, வேணாங்கல” என்றார். “கீழ ஒங்க பேரப் போட்டு எழுதுங்க. எம் பேரு வரக் கூடாது.”

இரண்டு நாள் வரைவு போட்டேன். முதல் வரைவில், ‘கலந்தாய்வின்போது சேர்க்கைப் பிரிவு உதவியாளர் செய்த தவறால்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். ‘சேர்க்கைப் பிரிவு உதவியாளர்’ என்பதை அடித்து ‘அலுவலகம்’ ஆக்கினேன். ‘தவறு’ என்பதைத் ‘தவறுதல்’ ஆக்கினேன். அடுத்ததில் ‘தவறுதல்’ ‘விடுபாடு’ ஆனது. ஒவ்வொரு வரைவிலும் ஒரு ஆள் வாக்கியத்தை விட்டுக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தான். எனக்கு வியர்ப்பது குறைந்துகொண்டே வந்தது. ஏழாவது வரைவில் யாருமே இல்லை. ‘நிர்வாகக் காரணங்களால் மேற்படி மாணவியின் சேர்க்கை தாமதமானது. இது மாணவியின் தவறன்று.’ இதை எழுதி முடித்தபோது நான் உண்மையாகவே திருப்தியாக இருந்தேன். காரியமும் நடக்கும், கழுத்தும் தப்பும். பிரின்சிபால் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். தேர்வுப் பிரிவும் ஏற்றுக்கொண்டது. மாரீஸ்வரி தேர்வெழுதலாம்.

நீங்கள் இதைத் திறமை என்று நினைத்தால் இப்போதே நல்ல உதவியாளர் ஆகிவிட்டீர்கள். எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது. இப்போது ஓய்வூதிய ஆணை பத்திரமாகக் கைக்கு வந்துவிட்டதால் வேறு மாதிரித் தோன்றுகிறது. தைரியம் எனக்கு அந்த ஆணையோடு சேர்ந்துதான் வந்தது.

கடிதத்தின் நகலை ஜன்னல் வழியாக அவளிடம் கொடுத்தேன். தேர்வுக் கட்டணம் கட்டுகிற நாள் என்பதால் அவளுக்குப் பின்னால் பெரிய வரிசை. அவள் அவசரப்படவில்லை. நின்ற இடத்திலேயே இரண்டு வரியையும் படித்தாள். பிறகு இன்னொரு முறை படித்தாள்.

“எழுதலாம்மா, ஒண்ணும் பிரச்சினை இல்ல. போய்ப் படி” என்றேன்.

அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

“நிர்வாகக் காரணம்னா யாரு சார்?”

சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, பின்னால் நின்றவனிடம் கையை நீட்டி, “அடுத்து யாரு, வாங்க” என்றேன்.